காரியஸ்தரின் மனச்சாட்சி

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான்" என்பது நம்மவர் வாயில் அடிக்கடி அடிபடும் பழமொழி. கோயிலைப் பற்றி மட்டும் சொல்லப்பட்டதன்று அது. பெருநிலக்காரர் வீட்டு முற்றத்தில் கைகட்டி நின்று பழகிய மக்களின் அனுபவமும் அதில் படிந்திருக்கிறது. பிரபு நல்லவர், அவருக்கும் நமக்கும் நடுவே நிற்கும் காரியஸ்தனே பொல்லாதவன், பிரபுவின் காதில் உண்மை விழுந்தால் எல்லாம் சரியாகிவிடும். இந்த நம்பிக்கை உலகின் பல திசைகளிலும் காணப்படுவது. இது எவ்வளவு தூரம் உண்மை? பிறருடைய ஆதனத்தைப் பிறருக்காக நிருவகிப்பவன் இழைக்கும் தீமை யாருடைய தீமை? வெறுந்தத்துவமாக இதனை ஆராய்வதினும் சரித்திரத்தில் நடந்த ஒன்றை முன்வைத்து ஆராய்வது பயன்தரும்.

ஸ்கொட்லாந்தின் வடகோடியிலே ஸதர்லாந்து என்றொரு மாவட்டம் உண்டு. அதன் பெரும்பகுதி ஒரே குடும்பத்தின் சொத்தாயிருந்தது. 1766இல், ஒரு வயதுக் குழந்தையாயிருந்தபோதே, அதற்கு உரிமையானவர் எலிசபெத் சீமாட்டி. அவருடைய கணவர் ஸ்டபோர்ட் பிரபு. பிரிட்ஜ்வோட்டர் கால்வாயின் வருமானம் 1803இல் இவருக்குச் சேர்ந்தது. பிரித்தானியாவின் மிகப் பெரிய செல்வர்களுள் ஒருவரானார். லண்டனில் மாளிகை, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பண்ணைகள், கால்வாய்ப் பணம், பிற்காலத்திலே ரயில் பாதையிற் பங்கு: இத்தனை விரிந்த குடும்பத்தின் காரியங்களைக் குடும்பத்தவரே பார்ப்பது இயலாது. ஆகவே காரியஸ்தர்கள் தோன்றினர். வடக்கே குத்தகை திரட்டவும் வழக்காடவும் பற்றிக் செலர் என்ற சட்டத்தரணி. அவருக்கு மேலே வில்லியம் யங். 1812 முதல் அனைவருக்கும் மேலாக, ஆதனம் முழுவதற்கும் ஆணையாளராக ஜேம்ஸ் லொக்.

இவர்கள் நிறைவேற்றிய திட்டம் இதுதான். உட்பள்ளத்தாக்குகளில் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்தும் சிறுபயிர் செய்தும் வாழ்ந்த குடிகளை அகற்றுவது. அந்நிலத்தைப் பெரும் ஆட்டுப் பண்ணைகளாக்கி உயர்ந்த குத்தகைக்கு விடுவது. அகற்றப்பட்டோரைக் கடலோரத்துச் சிறுதுண்டு நிலங்களில் இருத்தி மீனவராக்குவது. கடலை அறியாத மனிதர்களை நோக்கி, நாளை முதல் நீங்கள் மீன்பிடிகாரர் என்று சொல்வது எவ்வளவு இலகு! அவர்கள் பேசியது கேலிக் மொழி. செலருக்கோ அம்மொழி தெரியாது. அம்மக்களை நாகரிகத்துக்குப் புறம்பானோராகவே அவர் கருதினார் என்பது அவருடைய எழுத்துக்களிலிருந்தே தெரியவரும். இம்மக்களின் பிள்ளைகளைச் சேர்த்தே 1799இல் சீமாட்டியின் குடும்பம் 93ஆம் படைப்பிரிவைத் திரட்டியிருந்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

1813 மார்கழியில் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு பெரும் ஆட்டுப் பண்ணையின் குத்தகை ஏலத்தில் விடப்பட்டது. அதனை எடுத்தவர் வேறு யாருமல்லர், காரியஸ்தரான செலரேதான். குடிகளை வெளியேற்றும் அதிகாரியும் அவர். வெளியேற்றத்தால் நிலம் பெறுபவரும் அவர். மறு ஆண்டு வசந்தத்தில், ஆட்டுக்குப் புது மேய்ச்சல் துளிர்க்கட்டும் என்று புதர்நிலம் கொளுத்தப்பட்டது. குடிகளின் மாடுகளுக்குத் தீனி இல்லாமற் போயிற்று. ஆனி மாதத்தில் ஆட்கள் வந்தனர். மக்கள் திரும்பி வந்து குடியேறாதபடி வீட்டுக் கூரைகள் இடிக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. மரம் அரிதான அந்நாட்டிலே கூரைமரம் என்பது ஒரு குடும்பத்தின் பெருஞ்செல்வம். படுக்கையிற் கிடந்த முதியவள் ஒருத்தியை எரியும் குடிசையிலிருந்து வெளியே தூக்கி வந்தனர் என்றும், சில நாட்களில் அவள் இறந்தாள் என்றும் சாட்சிகள் கூறினர்.

குடிகள் சீமாட்டியிடம் முறையிட்டனர். பூசாரியை விட்டுச் சாமியிடமே போயினர். சட்டப்படி பரிகாரம் தேடிக்கொள்ளலாம் என்ற விதமாகவே பதில் வந்தது. உள்ளூர் நீதி அதிகாரியான றொபேட் மக்கிட் என்பவர் விசாரித்துச் செலரைக் கைதுசெய்தார். 1816 சித்திரையில் இன்வர்னெஸ் நகரில் வழக்கு நடந்தது. பதினைந்து யூரிகளும் பெரும்பாலும் நிலமும் செல்வமும் உடையோர். செலர் விடுதலையானார். பதவியிழந்தவர் மக்கிட், செலரிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டவரும் மக்கிட். நீதி தேவதையின் கண்கள் கட்டப்பட்டிருப்பதாகச் சொல்வார்கள். இன்வர்னெஸ்ஸில் அந்தக் கட்டு சற்றே நெகிழ்ந்திருந்தது போலும்.

இதுவரை படித்த வாசகர், செலர் ஒரு கொடியவர், விடயம் முடிந்தது என்று எண்ணக்கூடும். ஸதர்லாந்து மக்களும் தம் வெறுப்பு முழுவதையும் அந்தப் பெயரின் மீதே கொட்டினர். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. 1817இல் செலர் காரியஸ்தர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். வெளியேற்றம் நின்றதா? இல்லை. வேறு காரியஸ்தர் வந்தார். 1819இலேதான் மிகப் பெரிய வெளியேற்றம் நிகழ்ந்தது. பூசாரி மாறினான், பூசை மாறவில்லை. எனவே நாம் கூர்ந்து நோக்க வேண்டியவர் செலரல்லர், லொக்.

லொக் எந்தக் கூரைக்கும் தம் கையால் தீ வைத்தவரல்லர். கற்றவர், எடின்பரோவின் அறிவொளி மரபில் வளர்ந்தவர், தாராண்மைவாதிகளின் நண்பர், பிற்காலத்தில் பாராளுமன்ற உறுப்பினருமானார். தாம் அம்மக்களுக்கு நன்மையே செய்கிறோம் என்று உண்மையாகவே நம்பினார் என்று கொள்ள இடமுண்டு. ஒன்றை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அக்குடும்பம் ஸதர்லாந்தில் வீதிகள், பாலங்கள், துறைமுகம் முதலியவற்றுக்குப் பெருந்தொகை செலவிட்டது. போட்ட பணம் உடனே திரும்பியதுமில்லை. ஆகவே வெறும் பேராசை என்ற ஒரு சொல்லால் இதனை விளக்கிவிட முடியாது. பேராசையினும் பாரதூரமான ஒன்று இங்கே தொழிற்படுகிறது. யாருடைய நன்மைக்காக இவையெல்லாம் செய்யப்பட்டனவோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. நிலம் ஒருவருடைய தனிச்சொத்து என்ற கணத்திலேயே அதன் மீது வாழும் மனிதர் கணக்கேட்டின் ஓர் இனமாகிவிடுகின்றனர். கேட்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?

1820இல் லொக் தம் சீர்திருத்தங்களை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். எத்தனை மைல் வீதி, எத்தனை பாலம், எவ்வளவு கம்பளி என்பதற்கெல்லாம் அவ்வகைக் கணக்கிலே இடமுண்டு. எரிந்த கூரைக்கு எந்தப் பத்தியில் வரவு வைப்பது? கணக்கு பொய் சொல்லவேண்டியதில்லை; சிலவற்றை எழுதாமல் விட்டாற் போதும். இதன் வலிமையை அறியவேண்டுமாயின் ஹரியற் பீச்சர் ஸ்டோ அம்மையாரை நினையுங்கள். அமெரிக்க அடிமைமுறையைக் கண்டு உலகையே கண்ணீர் சிந்த வைத்தவர். பிரித்தானியாவுக்கு வந்து ஸதர்லாந்துக் கோமகளின் விருந்தினராயிருந்து, 1854இல் வெளியிட்ட பயணநூலில், லொக் தந்த விபரங்களை நம்பி அந்த வெளியேற்றங்களை நியாயப்படுத்தினார். அடிமையின் முதுகிலே தழும்பைக் கண்ட கண்கள் பேரேட்டின் முன் மயங்கிவிட்டன. அதற்கு முந்திய ஆண்டே கார்ல் மார்க்ஸ் ஒரு நியூயோர்க் பத்திரிகையில் அக்குடும்பத்தின் அடிமை எதிர்ப்பையும் அதன் செல்வத்தின் மூலத்தையும் அருகருகே நிறுத்திக் காட்டியிருந்தார். ஸ்ட்ராத்நேவரிலிருந்து விரட்டப்பட்ட கல்தச்சரான டொனால்ட் மக்லியோட் அம்மையாருக்குப் பதிலாக ஒரு நூலே எழுதினார். 1819இல் குன்றொன்றில் நின்று இருநூற்றைம்பது வீடுகள் எரியக் கண்டதாகச் சாட்சி சொன்னவர் அவர்.

இனி நமது வினாவுக்கு வருவோம். "எனக்கு இட்ட பணி இது" என்கிறான் தீ வைத்த கூலியாள். "சட்டப்படி பெற்ற ஆணை" என்கிறார் செலர். "பொருளாதார நியதி" என்கிறார் லொக். "விபரம் எனக்கு எட்டவில்லை" என்கிறது லண்டன் மாளிகை. பொறுப்பு கைமாறிக் கைமாறிக் கடைசியில் காணாமலே போகிறது. சொத்தைப் பங்கிட்டால் ஒவ்வொரு பங்கும் சிறிதாகும். பழி அவ்வாறு பங்கிடக்கூடியதன்று. நால்வரிடமும் அது முழுமையாகவே இருக்கிறது. காரியஸ்தன் செய்வது முதலாளி செய்ததாகும் என்பது வணிகச் சட்டத்தின் கொள்கை. இலாபத்தை வாங்கும்போது அக்கொள்கையை ஏற்பவர் பழி வரும்போது மட்டும் அதனை மறுக்கலாகாது. அதற்காக நால்வரையும் ஒரே தட்டில் வைக்கவும் நான் ஒருப்படேன். பந்தம் ஏந்திய கூலி மறுத்திருந்தால் அவன் பிள்ளைகள் பட்டினி கிடந்திருப்பர். லொக் மறுத்திருந்தால் வேறொரு நல்ல பதவி தேடியிருப்பார். மறுப்பதற்கு ஒருவன் கொடுக்கவேண்டிய விலை எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு அவன் பழி கனக்கிறது.

நம் மலையகத்தில் டன்சினேன் என்றும் ஹொலிரூட் என்றும் தோட்டங்கள் உள்ளன. ஸ்கொட்லாந்தியர் கொண்டுவந்த பெயர்கள். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரும் அந்நாட்டவரே. பெயர்களோடு பழகிப்போன ஓர் ஒழுங்கும் இருந்தது. லண்டனிலே பங்குதாரர், கொழும்பிலே ஏஜென்சிக் கம்பனி, பங்களாவிலே பெரிய துரை, அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளை, அவருக்கும் கீழே கங்காணி. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகும்வரை இந்த ஏணி நின்றது. கொழுந்து கிள்ளியவள் தன் வாழ்நாளில் பங்குதாரரின் முகத்தைக் கண்டதில்லை. அவள் திட்டியது கங்காணியை. திட்டத் தகுந்தவன்தான் அவன். ஆயினும் அவளுடைய கூலியை நிர்ணயித்தவன் அவனல்லன்.

ஸ்டபோர்ட் பிரபு 1833இல் ஸதர்லாந்துக் கோமகனாக உயர்த்தப்பட்டு, அவ்வாண்டிலேயே இறந்தார். கொல்ஸ்பி என்னும் ஊருக்கு மேலே, பென் பிராகி மலையுச்சியில், 1837இல் அவருக்குப் பெருஞ்சிலை எழுப்பப்பட்டது. துயருற்ற, நன்றியுள்ள குடிகள் எழுப்பியது என்று பீடத்திற் பொறித்துள்ளனர். 1994இல் அதனை வீழ்த்த ஒரு முயற்சி நடந்தது, சிலை வீழவில்லை. சிறுகுடிகளுக்கு இருப்புரிமை வழங்கும் சட்டம் 1886இல் வந்தது. வெறுமையாக்கப்பட்ட பள்ளத்தாக்குகளை அது திருப்பித் தரவில்லை. செலர் தம் ஆட்டுப் பண்ணைகளோடு 1851 வரை வாழ்ந்தார். மக்லியோட் கனடாவுக்குப் போனார். லொக் 1855இல் இறந்தார். அவருடைய ஆணையாளர் பதவி மகன் ஜோர்ஜ் லொக்குக்குச் சென்றது.