வழிநடைப் பாத்தியம்

கவிதை எழுதுவதை நிறுத்திவிட்ட நண்பர் ஒருவர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் மூன்று ஏக்கர் வாங்கியிருக்கிறார். கடைசி மின்கம்பத்திலிருந்து நான்கு கிலோமீட்டர். மேலே ஒரு ஓடையிலிருந்து ரப்பர் குழாயில் தண்ணீர் வருகிறது, கோடையில் வருவதில்லை. ஜீப் தவிர வேறெதுவும் ஏறாத கல்பாதை. பெரிய மழைக்குப் பிறகு இரண்டு நாள் ஜீப்பும் ஏறாது. பத்திரம் பதிவானதும் எனக்கு எழுதினார்: 'இனி நான் யாரையும் சார்ந்திருக்க வேண்டியதில்லை.' இந்த வாக்கியத்தோடுதான் எனக்குத் தகராறு.

கடிதத்தோடு மூலப் பத்திரத்தின் நகலையும் அனுப்பியிருந்தார், அதன் பாஷைக்காக. பழைய சாசனங்களில் வருமே, நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷிணி, ஆகாமி, ஸித்தம், ஸாத்யம் என்ற அஷ்டபோகங்களோடு சகல பாத்தியதையும் என்று - அந்த வரிசை. புதைந்து கிடப்பது, நீர், கல், இப்போது விளைவது, இனி விளையக்கூடியது எல்லாம் வாங்கியவருக்கு. படிக்கும்போது ஒரு சின்ன ராஜ்யமே கை மாறுவது போலிருக்கிறது. நடைமுறை வேறு. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணுக்குள் கிடைத்தால் கலெக்டருக்குத் தகவல் தரச் சொல்கிறது. பாஷாணத்தை வெட்டி விற்பதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். ஆகாமியும் ஸாத்யமும் வானத்தைப் பொறுத்தவை. இவ்வளவையும் எழுதிய பத்திர எழுத்தர் ஒன்றை மட்டும் எழுதவில்லை. நான்கெல்லை விவரத்தில் மூன்று பக்கம் ஒரு எஸ்டேட்டின் பெயர் வருகிறது. நான்காவது பக்கம் பாறை. உள்ளே போக வழி எது என்று பத்திரத்தில் இல்லை.

நகரத்தில் இது ஒரு கேள்வியாகவே எழுவதில்லை. என் வீட்டு வாசலில் தெரு இருக்கிறது, தெருவுக்கடியில் குழாய் இருக்கிறது, தலைக்கு மேல் கம்பி இருக்கிறது. இவை இருப்பதால் வீடு 'என்னுடையது' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறேன். உண்மையில் என்னுடையது என்று நான் சொல்வதில் பெரும்பகுதி பிறர் உழைப்பும் பிறர் சம்மதமும். முகமில்லாமல் வருவதால் கணக்கில் வருவதில்லை. மாதம் ஒரு ரசீது கட்டினால் தீர்ந்தது. யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஒதுக்குப்புற நிலம் சார்பைப் போக்கிவிடுகிறது என்பது பிரமை. அது சார்புக்கு முகம் கொடுக்கிறது. மின்வாரியத்தின் இடத்தில் பாட்டரியைத் தூக்கிவந்து தரும் ஜீப் டிரைவர். நகராட்சியின் இடத்தில் ஓடையில் குழாயைச் செருக விடுகிற மேல்நிலத்துக்காரர்.

இந்த விஷயத்தில் எல்லோரும் தோரோவைத் துணைக்கு அழைக்கிறார்கள், நண்பரும் அழைத்தார். தோரோ 1845 ஜூலை 4ஆம் தேதி வால்டன் குளக்கரையில் போய்க் குடியேறிய நிலம் அவருடையது அல்ல, எமர்ஸனுடையது. மரம் வெட்டக் கோடரி இரவல் வாங்கினது. குடிசைக்கு ஆன செலவை 28 டாலர் 12½ சென்ட் என்று அரை சென்ட் வரை கணக்குக் காட்டுகிறவர் நிலத்துக்கு ஒரு சென்ட்டும் எழுதவில்லை, எழுத வேண்டியிருக்கவில்லை. பக்கத்திலேயே ரயில் பாதை. அதன் ஓரமாக நடந்தே ஊருக்குப் போய்வந்தார். இதைச் சொன்னால் தோரோவைப் போலி என்று மடக்கிவிட்டதாகச் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொந்தமில்லாத இடத்தில் இரண்டு வருஷமும் இரண்டு மாசமும் வாழ்ந்து அதை யாரையும் விட அதிகமாக அனுபவித்தவர் அவர் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பாத்தியதை வேறு, அனுபோகம் வேறு. பின்னால் அவர் ஜீவனத்துக்கு நிலம் அளக்கிற வேலைதான் பார்த்தார். பிறருடைய எல்லைகளைக் கோடு போட்டுக் கொடுப்பது.

பாத்தியதையையும் அனுபோகத்தையும் மோதவிட்டு நூற்றைம்பது வருஷமாக ஒரு இடத்தில் பரீட்சை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் தெற்கு ஓரம், ஸான் லூயி பள்ளத்தாக்கு. தரையே கடல் மட்டத்துக்கு 7,500 அடிக்கு மேல். அந்தத் தரையில் வருஷ மழை பத்து அங்குலத்தைத் தொடுவதில்லை. கிழக்கே பனி மூடிய மலை. மெக்ஸிகோவின் ஆட்சியில் 1844இல் மானியமாகக் கொடுக்கப்பட்ட பத்து லட்சம் ஏக்கர் அது. கொடுத்தவர்கள் அங்கே திரிந்த யூட் பழங்குடிகளைக் கேட்டுக் கொடுக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் வருகிற நியாயங்கள் எல்லாம் இந்த அநியாயத்தின் மேல் நிற்பவை. மானியம் கைக்கு வந்த பொபியன் என்பவர் ஆட்களைக் கூட்டிவந்து குடியேற்றினார். 1851இல் ஸான் லூயி என்ற ஊர் எழுந்தது. அடுத்த வருஷமே ஊரார் சேர்ந்து ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆற்றிலிருந்து மேலே நீளும் ஒல்லியான பட்டை நிலம். அதில் பயிர் வரும், விறகு வராது. 1863இல் பொபியன் எழுதிவைத்த ஸ்பானிய சாசனம் ஒன்றில் மேய்ச்சல், தண்ணீர், விறகு, மரம் ஆகியவற்றுக்குக் குடிகள் மலையை அனுபவிக்கலாம் என்றிருக்கிறது. மலை யாருடையது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. விறகு யாருக்கு என்று தெரியும், அது போதுமாக இருந்தது.

1960இல் வட கரோலினாவைச் சேர்ந்த மர வியாபாரி ஜாக் டெய்லர் அந்த மலையில் சுமார் 77,000 ஏக்கரை வாங்கி வேலி போட்டார். கையில் பத்திரம் இருந்தது. 1965இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது, மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. மூன்று தலைமுறையாக ஏறிப்போன பாதையில் ஏறினவர்கள் ஒரே நாளில் அத்துமீறியவர்கள் ஆனார்கள். 1975இல் டெய்லர் குண்டடி பட்டுப் பிழைத்தார். 1981இல் ஊர்க்காரர்கள் மறுபடி வழக்குப் போட்டார்கள். 2002இல்தான் கொலராடோ உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு மேய்ச்சலும் விறகும் மரமும் உண்டு என்றது. அதற்குள் டெய்லர் இறந்து, மலை வேறு கைக்கு மாறி, முதலில் வழக்காடியவர்களில் பலரும் போய்விட்டிருந்தார்கள்.

தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது அது மறுத்த பகுதி. வேட்டை, மீன்பிடித்தல், பொழுதுபோக்குக்காக மலைக்குப் போவது - இவற்றுக்கு உரிமை இல்லை. 1863 சாசனத்தில் இவை இல்லை என்பது சட்டத்தின் காரணம். சட்டத்தை விட்டு யோசித்தாலும் ஒரு பிரித்தல் தெரிகிறது: பிறர் நிலத்தின் மேல் எனக்கு உள்ள கோரிக்கை என் தேவை வரைதான் செல்லும். குளிருக்கு விறகு கேட்கலாம். மலை உச்சியில் சும்மா உட்கார்ந்திருக்க இடம் கேட்க முடியாது. கவிஞனுக்கு இது உறுத்தலான தீர்ப்பு. சும்மா உட்கார்ந்திருப்பது தேவை இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அந்தத் தேவையை நிரூபிக்க எந்தக் கோர்ட்டில் என்ன சாட்சியம் வைப்பேன் என்று எனக்கு விளங்கவில்லை.

அதே மாவட்டத்தில், மலையிலிருந்து தள்ளி, சமவெளியில் இன்னொரு விதமான சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். 1970களில் வியாபாரிகள் அந்தப் பொட்டலை ஐந்து ஐந்து ஏக்கராகக் கோடு கிழித்து, இடத்தைப் பார்த்தே இராதவர்களுக்குத் தபாலிலேயே விற்றார்கள். வரைபடத்தில் தெருக்களுக்குப் பெயர் உண்டு. புல்டோசர் ஒருமுறை கீறிவிட்டுப் போனதுதான் பல இடங்களில் தெரு. கம்பி இல்லை, குழாய் இல்லை. டெட் கானவர் என்ற எழுத்தாளர் 2017 முதல் அங்கே போய்த் தங்கி, தானும் ஒரு மனை வாங்கி, 2022இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஐயாயிரம் டாலருக்குள் ஐந்து ஏக்கர் கிடைத்தது என்கிறார். அரசாங்கம் பிடிக்காதவர்கள், வாடகை கொடுத்து மாளாதவர்கள், போரிலிருந்து திரும்பித் தூக்கம் வராதவர்கள். நண்பர் எனக்கு எழுதிய வாக்கியத்தைக் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் சொல்லக்கூடியவர்கள்.

இவர்களுடைய ஜலபோகத்தைப் பார்க்கலாம். கொலராடோவில் நிலத்தை வாங்கினால் நீர் கூட வராது. நீரை முதலில் எடுத்துப் பயன்படுத்தியவர் யாரோ அவருக்கே முன்னுரிமை, அந்த உரிமை தனிச் சொத்து. 35 ஏக்கருக்குக் குறைந்த மனையில் கிணறு தோண்ட அனுமதி கிடைத்தாலும் பெரும்பாலும் வீட்டுக்குள் புழங்குவதற்கு மட்டுமே. வெளியே ஒரு தக்காளிச் செடிக்கு ஊற்றினால் விதிமீறல். கூரையில் விழும் மழையைப் பிடிப்பதற்கே சாதாரண வீடுகளுக்கு 2016இல் வந்த சட்டத்தில்தான் விலக்குக் கிடைத்தது: இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன். தலையில் விழுகிற மழை கீழே எங்கோ இருக்கிற ஒருவருடைய வாய்க்காலுக்குப் போய்ச் சேர வேண்டியது என்பது இதன் தர்க்கம். ஆகவே பெரும்பாலோர் ஊரிலிருந்து தண்ணீரை லாரியிலும் டிரெய்லரிலும் இழுத்துவருகிறார்கள், அந்தப் பாதையில்.

இனி விறகு. கானவர் அங்கே முதலில் போனது ஒரு தர்ம ஸ்தாபனத்தின் தொண்டராக. முகம் தெரியாத வண்டி வாசலுக்கு வந்தால் துப்பாக்கியை எடுக்கிற ஆட்களிடம் பேச்சுத் தொடங்க அவர் வண்டியில் ஏற்றிப் போனது விறகு. இலவச விறகு. குளிர்காலத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்லாத ஒரே பொருள். அப்படியானால், ஒரே மாவட்டத்தில், பத்திரம் இல்லாத மலையிலிருந்து விறகை உரிமையாக எடுத்துவருகிறவர்களும் இருக்கிறார்கள். பத்திரம் உள்ள நிலத்தில் உட்கார்ந்துகொண்டு விறகைத் தானமாக வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மலையில் இவர்களுக்குப் பங்கு கிடையாது. 1860களில் குடியேறியவர்கள் வழியாக வந்த நிலம் என்று காட்ட முடிந்தவர்களுக்குத்தான் தீர்ப்புப் பொருந்தும். பொது என்பதற்கும் வேலி இருக்கிறது. டெய்லரைத் திட்டிவிட்டுப் பொதுவைக் கொண்டாடுவதோடு முடித்துக்கொள்கிற நம் முற்போக்கு நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

உரிமையாக வந்த விறகா, தயவாக வந்த விறகா, எது மேல்? அடுப்புக்கு வித்தியாசம் தெரியாது. மனுஷனுக்குத் தெரிகிறது. தயவை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்; 1960இல் போட்ட வேலி அதற்குச் சாட்சி. ஆகவே உரிமைதான் வேண்டும் என்று உடனே சொல்லிவிடத் தோன்றுகிறது, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நண்பரின் வக்கீல் சொன்னதைக் கேட்ட பிறகு அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

நண்பரின் ஜீப் அவருடைய மூன்று ஏக்கரை அடைவதற்கு எஸ்டேட்டுக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் போக வேண்டும். வாசலில் இரும்பு கேட், ஒரு காவல்காரர். நம் நாட்டில் 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. ஒரே சொத்தாக இருந்தது பிரிந்து, வேறு வழியே இல்லாமல் போயிருந்தால் அவசியத்தின் பேரில் பாதை கேட்கலாம். நண்பரின் நிலம் எஸ்டேட்டிலிருந்து பிரிந்தது அல்ல, அந்த வழி மூடிவிட்டது. இன்னொன்று, நீண்ட அனுபோகம்: ஒளிவு மறைவில்லாமல், சண்டையில்லாமல், தடையில்லாமல், உரிமையாகவே பாவித்து இருபது வருஷம் நடந்தால் நடந்த பாதை பாத்தியதை ஆகிவிடும். ஸான் லூயிக்காரர்களுக்குக் கை கொடுத்த காரணங்களில் ஒன்றும் இதே ஜாதிதான். வக்கீல் அழுத்திச் சொன்னது 'உரிமையாகவே பாவித்து' என்பதை. எஸ்டேட்காரரிடம் அனுமதி கேட்காதீர்கள். கேட்டு, அவர் சரி என்றால், அது அனுமதி; இருபது வருஷமல்ல, ஐம்பது வருஷம் நடந்தாலும் அனுமதியாகவே நிற்கும். நன்றிக் கடிதம் எழுதாதீர்கள். பொங்கலுக்குக் கரும்பு அனுப்பாதீர்கள்.

சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது வேறு விதமாக இருக்கவும் முடியாது. விருந்தாளியைச் சொந்தக்காரன் ஆக்கினால் யாரும் கதவு திறக்க மாட்டார்கள். ஆனாலும் பாருங்கள்: நன்றியுள்ளவன் ஐம்பது வருஷம் கழித்தும் அந்நியன். நன்றி காட்டாதவன் இருபது வருஷத்தில் பாத்தியஸ்தன். நண்பர் தேடிப்போன 'யாரையும் சாராமை'யின் நிஜமான உருவம் இதுதானோ என்று சந்தேகமாக இருக்கிறது. சார்பிலிருந்து விடுதலை அங்கே கிடைக்காது. கிடைக்கக்கூடியது சார்பை ஒப்புக்கொள்வதிலிருந்து விடுதலை. நகரத்தில் அது ரசீது மூலம் கிடைத்தது. மலையில் அதைக் கேட்டுக்கு அருகே ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சம்பாதிக்க வேண்டும்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் கம்பி எட்டாத மனையில் இருப்பதாகத்தான் நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறோம். முந்நூறு பிரதி, யாருக்கும் தலை வணங்காதவர்கள். அச்சகத்துக்காரர் மூன்று இதழாகப் பாக்கியைக் கேட்காமல் இருக்கிறார். இதை எந்தத் தலையங்கத்திலும் நான் படித்ததில்லை.

நண்பருக்கு வயது ஐம்பத்தெட்டு. இருபது வருஷம் என்றால் எழுபத்தெட்டு. போன மாசம் அவரோடு ஒருமுறை மேலே போனேன். கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். காவல்காரர் எழுந்து வந்து திறந்தார். நண்பர் அவரைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு உள்ளே ஓட்டினார், வக்கீல் சொல்லியிருந்தபடி. இருபது அடி தாண்டியதும் நிறுத்திவிட்டார். உள்ளே மாடுகள் மேய்கின்றன, கேட்டைத் திறந்தபடி விட முடியாது. காவல்காரருக்கு ஒரு கால் சரியில்லை, அந்தக் கேட் கனம். நண்பர் இறங்கிப் போய் அவரோடு சேர்ந்து அதைத் தள்ளி மூடினார். திரும்பி வரும்போது டவுனிலிருந்து வாங்கிவந்திருந்த தினசரியையும் ஒரு புகையிலைப் பொட்டலத்தையும் அவர் கையில் கொடுத்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், 'இதை வக்கீலிடம் சொல்லிவிடாதீர்கள்' என்றார்.