காவலும் கடப்பாடும்

ஒரு பொருளைக் காப்பதற்குக் காவலை அமர்த்தியவன் தன் கடப்பாட்டிலிருந்து நீங்கிவிடுகின்றானா, அன்றி அதனை மேலும் இறுகப் பற்றிக்கொள்கின்றானா? மேலெழுந்தவாரியாக நோக்கின் முன்னையதே உண்மை போலத் தோன்றும். படுவான்கரை வயல்களில் யானைக்கும் பன்றிக்கும் அஞ்சிப் பரண் கட்டிக் காவலிருத்திய பின்னர், வயலுக்குரியவர் வீட்டிலே கவலையின்றி உறங்குகின்றார் அல்லவா? ஆயின், நள்ளிரவிற் பரணிலிருந்து குரல் எழும்போது எழுந்து செல்வதற்கு எவருமில்லையெனின் அக்காவலால் விளையும் பயன் யாது? இவ்வினாவை இக்காலத்துக்குரிய காவலொன்றினை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வைத்தியசாலை, வங்கி, பல்கலைக்கழகம் முதலியவற்றின் ஏடுகள் பலவும் இன்று தரவுத்தளங்களாகிவிட்டன. அத்தகைய தரவுத்தளத்தின் நலத்தை இடையறாது அறிதற்பொருட்டு நிறுவப்படும் சிறு செய்நிரலே கண்காணிப்பு முகவர் எனப்படும். எத்தனை இணைப்புகள் திறந்துள்ளன, ஒரு வினவலுக்கு விடை கிடைக்க எவ்வளவு நேரம் செல்கின்றது, ஒருவர் பதிவொன்றைத் திருத்தி முடிக்கும்வரை எத்தனை பேர் காத்து நிற்கின்றனர், வட்டில் எவ்வளவு இடம் எஞ்சியுள்ளது என்பவற்றைக் குறித்த இடைவெளிகளில் அது அளந்து சேமிக்கும். வகுத்த எல்லை மீறப்படின் பொறுப்பாளருக்கு அறிவிக்கும்.

இம்முகவரை நிறுவுங்கால் முதற்கண் எழுவது அதிகார வரம்பு பற்றிய வினாவாகும். எல்லா உரிமையும் கொண்ட கணக்கொன்றை அதற்கு வழங்கிவிடுதல் எளிது. ஆனால் நாடி பார்க்க வந்தவரிடம் பெட்டகத்தின் திறவுகோலையும் கொடுத்தல் தகுமா? போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் பத்தாம் பதிப்பு 2017 இல் வெளிவந்தபோது, இயக்க நிலையைக் காணும் உரிமை, அட்டவணைகளிலுள்ள தரவுகளைப் படிக்கும் உரிமையினின்று பிரித்து வகுக்கப்பட்டது. அவ்வாறு பிரித்த பின்னரும் கவனம் வேண்டும். வினவலின் வாசகத்திலேயே நோயாளி ஒருவரின் பெயர் இருத்தல் கூடும். அதனைச் சேமியாது விடுதலும் காவலின் அறமே. அளவீட்டை மிக நெருக்கமாகச் செய்யின் அதுவே தரவுத்தளத்துக்குச் சுமையாகிவிடும் என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. பயிரைக் காக்க வந்தவன் பயிரை மிதித்தலாகாது.

அடுத்தது எல்லையை வகுத்தல். இது கணக்குப் பற்றிய விடயம் போலத் தோன்றினும் உண்மையில் அறம் பற்றியதே. நூறு வினவல்களில் 99 ஒவ்வொன்றும் 10 மில்லிசெக்கனிலும், எஞ்சிய ஒன்று 10 செக்கனிலும் விடைபெறின், சராசரி ஏறத்தாழ 110 மில்லிசெக்கன் ஆகும். சராசரியை மட்டும் நோக்கும் முகவர் யாவும் நலம் என்றே கூறும். காத்துநின்ற அந்த ஒருவரின் இடர் அதன் கண்ணுக்குப் புலப்படாது. யாருடைய இடரை இடராகக் கொள்வது என்னும் தீர்மானம் எல்லைக்குள்ளே மறைந்துகிடக்கின்றது.

மட்டக்களப்பு வாவியின் கரையில் வாழ்வோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. கோடையில் மணலால் அடைபட்டுவிடும் பாலமீன்மடு முகத்துவாரத்தை மாரி வெள்ளத்தின்போது எப்பொழுது வெட்டுவது என்பது இங்கே நெடுங்கால வினா. பிந்தி வெட்டின் தாழ்நிலத்து வயல்களும் வீடுகளும் நீரில் மூழ்கும். முந்தி வெட்டின் வாவி நீர் வடிந்து மீன்பிடிப்போர் வாழ்வு தாக்குறும். நீர்மட்டத்தைக் கோலொன்று அளந்து கூறலாம். எம்மட்டத்தில் வெட்டுவது என்பதை அக்கோல் கூறமாட்டாது. அதனைக் கூறுவோர் இருதிறத்தாரின் இழப்பையும் எண்ணிப் பார்த்தே கூறுதல் வேண்டும்.

எல்லை செவ்வையாக வகுக்கப்பட்டாலும் போதாது. எழுந்த குரல் உரியவர் செவியைச் சென்றடைதல் வேண்டும். கிட்லாப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இல் பொறியியலாளர் ஒருவர் முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளைத் தவறுதலாக அழித்துவிட்டார். நாள்தோறும் எடுக்கப்படவேண்டிய பிரதியைத் தேடியபோது அஃது இருக்கவில்லை. பிரதியெடுக்கும் கருவி பழைய பதிப்புக்குரியதாக இருந்தமையால் அப்பணி முன்னரே தோல்வியுற்று வந்தது. அத்தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டும், உரிய அத்தாட்சி இன்மையால், பெறும் வழங்கி அவற்றைத் தள்ளிவிட்டது. ஏறத்தாழ ஆறு மணித்தியாலத் தரவுகள் மீளவேயில்லை. காவலன் குரலெழுப்பினான், கேட்க எவருமில்லை.

தரவை இழத்தல் வேறு, உயிரை இழத்தல் வேறு. ஆயினும் இரண்டிலும் குறை ஒன்றாகவே இருந்ததை எமது கரை அறியும். 2004 டிசெம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கிய ஏறத்தாழ 15 நிமிடங்களில், ஹவாயிலுள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையம் தன் முதல் அறிவித்தலை வெளியிட்டது. நடுக்கத்தின் வலிமை அதிற் குறைவாகவே மதிப்பிடப்பட்டிருந்தது. அவ்வறிவித்தலும் பசிபிக் நாடுகளுக்கானது. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை ஒழுங்கெதுவும் அன்று இருக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அலை நாவலடியையும் கல்லடியையும் வந்தடைந்தது. பின்னர் 2011 இல் இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகியவற்றின் நிலையங்கள் இக்கடலுக்கான காவற்பொறுப்பை ஏற்றன. 2012 ஏப்பிரல் 11 இல் மீண்டும் பெருநடுக்கம் நிகழ்ந்தபோது எச்சரிக்கை கேட்டுக் கரையோர மக்கள் விலகிச் சென்றனர். பேரலை வரவில்லை. அதனால் அக்குரல் வீணாயிற்று எனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் நாள்தோறும் காரணமின்றிக் கூவும் காவலை எவரும் மதியார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இனி, குரலே எழாதபோது யாது கொள்வது? முகவரின் மௌனத்துக்கு இரு பொருள் உண்டு: யாவும் நலமாயிருக்கலாம், முகவரே செயலிழந்திருக்கலாம். பரணிலிருப்போர் இடையிடையே குரல் கொடுத்துத் தாம் விழித்திருப்பதை உணர்த்துவர். அதுபோலவே முகவரும் குறித்த நேரங்களில் தன் இருப்பை அறிவிக்குமாறு செய்து, அவ்வறிவித்தல் தவறினால் அதனையே எச்சரிக்கையாகக் கொள்ளுதல் வேண்டும். திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக்கொண்டு சரிபார்க்குமாறு பணிப்பதும் இக்கருத்தினதே.

முகவரை நிறுவியதோடு தம் பணி முடிந்தது என வாதிடுவோர் உளர். கருவி வாங்கினோம், பொருத்தினோம், இனி அது பார்த்துக்கொள்ளும் என்பர். அறியாமை ஓரளவு மன்னிக்கத்தக்கது என்பது உலக வழக்கு. காவலை அமர்த்தாதவர், "எமக்குத் தெரியாது" எனக் கூறக்கூடும். அமர்த்தியவருக்கோ அவ்வாறு கூறும் உரிமை அன்றே அற்றுப்போகின்றது. ஆதலின் முகவரை நிறுவுவோர் அதன் அளவீடுகளை எழுதும் தாளிலேயே, இரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை வரின் எழுந்து வருபவர் யார், அவர் வராவிடின் அடுத்தவர் யார் என்பதையும் எழுதி வைத்தல் வேண்டும். அவ்விடம் வெறுமையாக இருக்கும்வரை காவல் அமர்த்தப்படவில்லை என்றே கொள்ளுதல் தகும்.