இன்பம் உடலதா, உயிரதா? ஓமோன் சிகிச்சை எழுப்பும் கேள்வி

ஓமோன் சிகிச்சை பெறுபவரின் பாலின்பம் பெரும்பாலும் மாறுகிறது. விருப்பம் எழும் வேகம், தொடுகையைத் தோல் உணரும் விதம், உச்சநிலையின் தன்மை ஆகிய மூன்றும் சில மாதங்களுக்குள் வேறாகிவிடக்கூடும். மருத்துவத்துக்கு இது சுரப்பிகளின் கணக்கு. சமயத்துக்கோ பழைய வழக்கொன்றில் வந்து நிற்கும் புதிய சாட்சி. இன்பத்தை நுகர்வது உடலா, உடலில் குடியிருக்கும் உயிரா? ஊசி மருந்து ஒன்று விருப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என்றால், ‘நான் விரும்பினேன்’ என்று சொல்பவர் யார்?

இலங்கையின் மலையகத்தில் இக்கேள்வியைக் கேட்பதற்கு வேண்டிய சிந்தனை மரபுகள் அருகருகே உள்ளன. மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணி வழியாக ஏறும் மலையைச் சைவர் சிவனொளிபாதம் என்கின்றனர். பௌத்தர் அதைப் புத்தர் பாதம் என்றும், இஸ்லாமியர் ஆதம் நபியின் பாதம் என்றும் போற்றுகின்றனர். அடிவாரத்துத் தோட்டங்களில் மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடப்படுகிறது. விருப்பத்தின் தெய்வம் உடலை இழக்கும் கதை அது.

உடலில் நடப்பது

தோட்டப் பெண்களுக்கு ஓமோன் பெரும்பாலும் அறிமுகமாவது கருத்தடை மாத்திரையாகவும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் ஊசியாகவும்தான். அந்த ஊசியில் 150 மில்லிகிராம் மெட்ரொக்சிபுரஜெஸ்தரோன் இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளும் சிலருக்கு நாட்டம் குறைகிறது. பலருக்கு மாற்றமே தெரிவதில்லை. கருத்தரிக்கும் பயம் நீங்கியதால் முன்னைவிட இயல்பாக இருக்கிறது என்பவர்களும் உண்டு. கருப்பைக் குழாயைக் கட்டும் சத்திரசிகிச்சை இதிலிருந்து வேறானது. அதில் சூலகங்கள் அப்படியே இருக்கின்றன, ஓமோன் சுரப்பதும் தொடர்கிறது. ஆகவே அந்தச் சிகிச்சை ஆசையை அணைத்துவிடும் என்ற அச்சத்துக்கு உடலியல் காரணம் இல்லை.

மாதவிடாய் நின்ற பின் ஈஸ்திரஜன் குறைகிறது. யோனியின் திசு மெலிந்து உலர்வதால், இன்பம் தரவேண்டிய தொடுகை வலியாகிறது. அவ்விடத்தில் பூசப்படும் ஈஸ்திரஜன் களிம்பு அந்த வலியை நீக்க உதவுகிறது. நாட்டம் குறைந்து, அதனால் மனம் வருந்தும் பெண்களுக்குச் சிறிதளவு தெஸ்தொஸ்தரோன் ஓரளவு பயன்தரும் என்று 2019 இல் பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் கூட்டாக அறிவித்தன. அந்த அறிவிப்பு மாதவிடாய் நின்றவர்களுக்கு மட்டுமே உரியது.

ஆண்களில் இதன் மறுதலையைப் புரஸ்தாத்துப் புற்றுநோய்ச் சிகிச்சையில் காணலாம். தெஸ்தொஸ்தரோனைத் தடுத்தால் அந்நோய் ஒடுங்கும் என்று சார்ல்ஸ் ஹக்கின்ஸ் 1941 இல் காட்டினார். அதற்காக 1966 இல் நோபல் பரிசு பெற்றார். நோய் ஒடுங்கும்போது பெரும்பாலோருக்கு நாட்டமும் ஒடுங்குகிறது. தொடுவதை அறியும் நரம்புகள் அறுபடுவதில்லை. தொட்டது தெரிகிறது, அதன்மேல் செல்லும் வேட்கைதான் இல்லை. உணர்ச்சியும் விருப்பமும் இரு வேறு பொருள்கள் என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

திருநங்கையரும் திருநம்பியரும் பெறும் சிகிச்சை இவை எல்லாவற்றையும்விட விரிவான மாற்றத்தைக் காட்டுகிறது. இலங்கையில் சுகாதார அமைச்சு 2016 இல் வெளியிட்ட சுற்றறிக்கை பால்நிலை அங்கீகாரச் சான்றிதழுக்கு வழிசெய்தது. அதன்படி உளமருத்துவரின் மதிப்பீடு தேவை. ஈஸ்திரஜனும் ஆண் ஓமோன் தடுப்பு மருந்தும் பெறும் திருநங்கையருக்குச் சிகிச்சை தொடங்கிய ஒன்று முதல் மூன்று மாதங்களில் நாட்டமும் தானாக வரும் விறைப்பும் குறைகின்றன. மூன்று முதல் ஆறு மாதங்களில் தோல் மென்மையாகி மார்பகம் வளரத் தொடங்குகிறது, அங்கே தொடுவுணர்ச்சி கூர்மையாகிறது. உச்சநிலை முன்பு ஓரிடத்தில் குவிந்து சட்டென முடிந்ததாகவும், இப்போது மெல்ல எழுந்து உடல் முழுதும் பரவுவதாகவும் பலர் கூறுகின்றனர். தெஸ்தொஸ்தரோன் பெறும் திருநம்பியரிடம் நாட்டம் பெரும்பாலும் விரைவில் மிகுகிறது, மாதவிடாய் நிற்கிறது, யோனிலிங்கம் வளர்ந்து உணர்ச்சி அங்கே குவிகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாட்டத்தின் அளவு குறைந்த பின்னும் நிறைவு கூடியதாகச் சொல்லும் திருநங்கையர் பலர். தன் உடலைத் தன்னுடையதாக ஏற்க முடிந்ததே அதற்குக் காரணம் என்கின்றனர். இன்பம் ஓமோனின் அளவோடு நேர்விகிதத்தில் ஏறி இறங்குவதில்லை என்பதற்கு இது சான்று.

உலகாயதரின் வாதம்

இச்செய்திகளைக் கேட்டு முதலில் மகிழக்கூடியவர் உலகாயதர். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு தோன்றுவதுபோல, பூதங்கள் சேர்ந்தால் அறிவு தோன்றுகிறது, தனியாக உயிரென்று ஒன்றில்லை என்பது அவர்கள் கட்சி. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம் இந்தக் கட்சியை எடுத்துக்கொண்டே மறுப்பைத் தொடங்குகிறது. மருந்தின் அளவை மாற்றினால் விருப்பம் மாறுகிறது. ஆகவே விருப்பம் உடலின் விளைவு. இன்பமும் அவ்வாறே என்று இன்றைய உலகாயதர் வாதிடலாம்.

சைவ சித்தாந்தி இதில் பாதியைத் தயக்கமின்றி ஒப்புக்கொள்வார். சித்தாந்தத்தில் உயிர் நுகர்வதற்கு நான்கு வேண்டும்: தனு, கரணம், புவனம், போகம். தனு உடல். கரணம் மனம் முதலான கருவிகள். புவனம் வாழும் இடம். போகம் நுகர்ச்சிப் பொருள். நான்கும் மாயையிலிருந்து தோன்றியவை, சடமானவை. சடத்தைச் சடம் மாற்றுவதில் வியப்பில்லை. ஓமோன் தனுவைத் தொட்டு, அதன் வழியே கரணத்தையும் அசைக்கிறது.

விருப்பத்தைப் பற்றிச் சித்தாந்தம் இன்னும் நுட்பமாகப் பேசுகிறது. உயிருக்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்று ஆற்றல்கள் இயல்பாக உண்டு. ஆணவம் அவற்றை மறைத்து நிற்கிறது. முப்பத்தாறு தத்துவங்களுள் கலை கிரியையையும், வித்தை ஞானத்தையும், அராகம் இச்சையையும் சிறிதளவு விளங்கச் செய்கின்றன. அராகம் மாயையின் காரியம். ஆனால் அது எழுப்புவது உயிரின் சொந்த ஆற்றலை. விரும்பும் வல்லமை உயிருடையது. அந்த வல்லமை எழுவதற்கான கருவி சடமானது. ஓமோனை அராகம் என்று சொல்லிவிட முடியாது. அராகம் சூக்குமமானது, ஓமோன் தூல உடம்பைச் சேர்ந்தது. ஆயினும் சடமான கருவி இன்றி விருப்பம் வெளிப்படாது என்ற கொள்கையில் ஓமோனுக்கு எளிதாக இடம் கிடைக்கிறது. புரஸ்தாத்துச் சிகிச்சை பெறுபவருக்குக் கருவி ஒன்று ஓய்ந்திருக்கிறது. விரும்பும் உயிர் குறைந்துபோகவில்லை.

பாதியை ஒப்புக்கொண்ட சித்தாந்தி மீதியை மறுப்பார். சிகிச்சைக்கு முன்னிருந்த இன்பத்தையும் பின்வந்த இன்பத்தையும் ஒருவரே ஒப்பிட்டுச் சொல்கிறார். மாறியதை மாறியது என்று அறிவதற்கு இரண்டையும் சார்ந்து நின்ற ஒன்று வேண்டும். அதுவே உயிர். அது ஆணுமன்று, பெண்ணுமன்று. எதைச் சார்கிறதோ அதன் தன்மையாய் நிற்பது அதன் இயல்பு. அதனால்தான் புதிய உடல்நிலையில் வரும் இன்பமும் அவரவர்க்கு உண்மையாகவே தம் இன்பமாக இருக்கிறது.

காமன் எரிந்தானா?

தோட்டத்துக் காமன் கூத்து இதே வழக்கை ஆட்டமாக்குகிறது. மாசி அமாவாசைக்குப் பின் பிறை தெரியும்போது தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளான லயங்களுக்கு அருகேயுள்ள திறந்த வெளியில் காமன் ஊன்றப்படுகிறான். தப்பு முழங்க, இரவுதோறும் ரதியும் மதனும் ஆடுகின்றனர். இருவரும் விரதம் காக்கும் ஆண்கள். ரதிக்குச் சேலை, மாலை, வளையல். முழுநிலா இரவில் சிவனின் நெற்றிக்கண் திறக்க, ஊன்றிய காமன் தீப்பற்றி எரிகிறான். ரதியின் ஒப்பாரி எழும்போது சுற்றி நிற்கும் பெண்களும் அழுகின்றனர். மூன்றாம் நாள் அவன் எழுப்பப்படுகிறான். கந்தபுராணக் கதைப்படி எழுந்தவன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே உருவுடையவன், மற்றவர்க்கு உருவிலி.

தஞ்சைப் பகுதி லாவணிப் பாடகர்கள் இதை வைத்தே எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து விடிய விடிய வழக்காடினர். காமன் எரிந்தான் என்பார் உடலைச் சுட்டுகின்றனர். எரியவில்லை என்பார் உலகில் இன்னும் காமம் இருப்பதைச் சுட்டுகின்றனர். இரண்டு கட்சிக்கும் இடமளிப்பது சித்தாந்தத்தின் பிரிப்பு: கருவியாகிய உடல் எரிந்தது, அது எழுப்பிய ஆற்றல் எரியவில்லை.

பௌத்தத்தின் விடை

பௌத்தம் இன்பத்துக்கு உரிமையாளர் வேண்டும் என்பதையே மறுக்கிறது. பொறியும் பொருளும் அறிவும் கூடினால் பரிசம். பரிசத்திலிருந்து வேதனை எனப்படும் நுகர்வு. முன்னதையும் பின்னதையும் ஒப்பிடுவதற்குக் காரண காரியத் தொடர்ச்சியே போதும், நிலைத்த உயிர் தேவையில்லை. ஆண்தன்மையையும் பெண்தன்மையையும் தேரவாத அபிதம்மம் உருவத்தின் பிரிவாகவே எண்ணுகிறது. விநய பிடகத்தில் ஒரு பிக்குவுக்குப் பெண்ணுடல் தோன்றிய செய்தி வருகிறது. அவர் பெற்ற உபசம்பதா என்னும் முழுத் துறவேற்பும் துறவு மூப்பும் மாறாமல், பிக்குணிகளோடு வாழப் புத்தர் அனுமதித்தார். பால் மாறியது, துறவு மாறவில்லை.

தம்மபத உரை சொல்லும் சோரேய்யன் கதை இன்பத்துக்கு இன்னும் நெருக்கமானது. அவன் ஆணாக இருந்து இரு பிள்ளைகளைப் பெற்றான். பெண்ணாக மாறி இன்னும் இருவரைப் பெற்றாள். மீண்டும் ஆணாகித் துறவியானார். எந்தப் பிள்ளைகள் மீது பாசம் அதிகம் என்று மற்றவர்கள் கேட்டனர். பெண்ணாகப் பெற்றவர்கள் மீது என்று முதலில் சொன்னார். அரகத்து நிலை அடைந்த பின் எவர்மீதும் பற்றில்லை என்றார்.

பௌத்தத்துக்கு வெளியே, மகாபாரதத்தின் அனுசாசன பருவம் இன்பத்தைப் பற்றியே நேரடியாகக் கேட்கிறது. கூடலில் மிகுந்த இன்பம் ஆணுக்கா, பெண்ணுக்கா என்று தருமர் வினவ, வீடுமர் பங்காஸ்வனன் என்ற அரசனின் கதையைக் கூறுகிறார். இந்திரனின் சினத்தால் பெண்ணான அரசன், மீண்டும் ஆணாகும் வரம் கிடைத்தும் மறுக்கிறான். பெண்ணின் இன்பமே பெரிது என்கிறான். இங்கே உடல் மாறியதும் இன்பம் மாறியது. இரண்டையும் அறிந்து ஒன்றைத் தேர்ந்தவன் ஒருவனே. சித்தாந்தி இக்கதையைத் தம் பக்கச் சான்றாகக் கொள்ளலாம்.

மேலைச் சமயங்களில்

கிறித்தவச் சிந்தனையாளர் அகுஸ்தீனார், பாலுறுப்புகள் மனத்தின் ஆணைக்குக் கட்டுப்படாமல் எழுவதையும் அடங்குவதையும் ஆதாமின் கீழ்ப்படியாமைக்கு வந்த தண்டனையாகக் கண்டார். அந்தக் கட்டுப்படாமையின் உடலியல் காரணங்களுள் ஒன்றை ஓமோன் அறிவியல் காட்டுகிறது. அதனால் குற்றவுணர்வின் பாரம் சற்றுக் குறையலாம். இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி, கூடலின்பம் மறுமையின் இன்பத்துக்கு ஒரு முன்சுவை என்றும், அது நல்வழிக்குத் தூண்டுகோல் என்றும் எழுதினார். அந்தப் பார்வையில் வலியால் இழந்த இன்பத்தை மருந்தால் மீட்பது குறையாகாது.

மருந்தால் வரும் இன்பம் மெய்யா?

மருந்தின் துணையால் எழும் இன்பம் போலியானது என்ற ஐயம் பொதுவாக எழுகிறது. சுரப்பியிலிருந்து வரும் ஓமோனும் குப்பியிலிருந்து வரும் ஓமோனும் சித்தாந்தத்துக்கு ஒரே தட்டில் நிற்பவை. இரண்டும் மாயையின் காரியங்கள். ஒன்று மெய், மற்றது போலி என்று பிரிக்க அங்கே அடிப்படை இல்லை. உடம்பைப் பேணுவது ஆன்மநெறிக்குத் துணை என்பது திருமூலர் கொள்கை. கூடலையே யோகமாகக் கொள்ளும் பரியங்க யோகத்துக்குத் தனிப் பகுதி ஒதுக்கியது அவருடைய திருமந்திரம்.

வினைக்கொள்கை இதைவிடக் கடினமான தடையை எழுப்புகிறது. இன்பமும் பிணியும் மூப்பும் கருவிலேயே வகுக்கப்பட்டவை என்று சித்தியார் சொல்லும்போது, அவற்றை மாற்ற மருந்து எடுப்பது வினையோடு மல்லுக்கட்டுவதாகாதா? வினை நேராக வந்து ஊட்டுவதில்லை, கருவிகள் வழியாகவே ஊட்டுகிறது என்பதிலிருந்து விடை பெறலாம். பிணி ஒரு வாயில் என்றால் மருந்தும் ஒரு வாயிலே. காய்ச்சலுக்கு மருந்து கொள்வதை வினைக்கு எதிரென்று கருதாத சைவர், உலர்வுக்கும் வலிக்கும் மருந்து கொள்வதை மட்டும் அவ்வாறு கருதக் காரணமில்லை.

நால்வகைப் பிரிப்பு மருத்துவத்துக்கும் ஒரு நினைவூட்டலைத் தருகிறது. ஓமோன் தனுவையும் கரணத்தையும் சரிசெய்யலாம்; புவனத்தையும் போகத்தையும் அது தொடுவதில்லை. பிள்ளைகளும் மாமியாரும் ஒரே லயக் காம்பராவில் படுத்திருக்க, காலையில் கொழுந்தெடுக்க மலை ஏறவேண்டிய பெண்ணுக்கு இன்பம் குறைவதற்கு ஓமோன் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அவரிடம் மருந்தின் அளவை மட்டும் மாற்றிப் பார்ப்பது, நான்கில் இரண்டை விட்டுவிடுவதாகும்.

அறம், பொருள், வீடு ஆகியவற்றோடு இன்பத்தையும் உறுதிப்பொருளாக எண்ணிய மரபு இது. ஆகவே கருத்தடை ஊசி, புற்றுநோய்ச் சிகிச்சை, பால்மாற்றச் சிகிச்சை எதுவாயினும், நாட்டத்திலும் உணர்ச்சியிலும் என்ன மாறக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெறுவது வெறும் மருத்துவ ஒழுங்கு மட்டுமன்று. நுகர்பவர் உயிர் என்று கொண்டாலும் காரண காரியத் தொடர்ச்சி என்று கொண்டாலும், மாறப்போகும் இன்பத்தோடு வாழப்போகிறவர் அந்த ஒருவரே. தன் இன்பம் எவ்வாறு மாறும் என்று அறிந்து தேர்வது அவருக்குரிய உரிமை.