குற்றவாளிக்காக வாதாடலாமா?





சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு ஊரில் நான் இமாமாக இருந்தபோது, இஷாவுக்குப் பிறகு ஒரு வாலிபர் என் அறைக்கு வந்தார். அந்த மஹல்லாவில் முதன்முதலாக வக்கீலுக்குப் படித்தவர். மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் கிரிமினல் வழக்குகள் நடத்தி வந்தார். உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு கேட்டார்: "ஹஜ்ரத், என் கட்சிக்காரன் 'ஆமாண்ணே, நான்தான் எடுத்தேன்'னு என்கிட்டயே சொல்லிட்டான். நாளைக்கு அவனுக்காக ஜாமீன் மனு போடப் போறேன். என் சம்பாத்தியம் ஹலாலா?"

"பார்த்துச் சொல்கிறேன் தம்பி" என்று அனுப்பிவிட்டேன். உண்மையில் அப்போது என் மனதில் இருந்த பதில், 'ஹலாலாக எப்படி இருக்கும்?' என்பதுதான். அதற்கு ஆதாரமும் கையில் இருப்பதாகவே நினைத்தேன். சூரத்துந் நிஸாவின் 105-வது ஆயத். மோசடிக்காரர்களுக்காக வாதாடுபவராக நீர் ஆகிவிட வேண்டாம் என்று அல்லாஹ் தன் நபிக்கே சொல்கிறான். இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்?

ஆனால் தஃப்ஸீரைத் திறந்து அந்த ஆயத் இறங்கிய பின்னணியை முழுமையாகப் படித்தபோது, நான் பாதியை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

மதீனாவில் ஒரு வீட்டில் கவசம் திருடு போனது. எடுத்தவன் துஃமா பின் உபைரிக் என்பவன். வெளியில் முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டவன். தஃப்ஸீர்களில் பிரபலமாக உள்ள அறிவிப்பின்படி, மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்ததும் கவசத்தை ஒரு யூதரிடம் கொடுத்து வைத்தான். பொருள் அவர் வீட்டில்தான் கிடைத்தது. இன்றைய போலீஸ் பாஷையில் சொன்னால் 'ரெக்கவரி' ஆகிவிட்டது. துஃமாவின் உறவினர்கள் இரவோடு இரவாகக் கூடிப் பேசி முடிவெடுத்து, நபி (ஸல்) அவர்களிடம் வந்து, எங்கள் ஆள் நிரபராதி, திருடியவர் அந்த யூதர்தான் என்று வாதாடினார்கள். அப்போதுதான் 105 முதல் 113 வரையிலான ஆயத்துகள் இறங்கின.

இந்த ஆயத்துகள் யாரைக் கண்டிக்கின்றன? திருடனுக்காகப் பேசியதோடு நிற்காமல், தெரிந்தே பொய் சொல்லி, குற்றத்தை நிரபராதி ஒருவரின் தலையில் கட்டியவர்களை. 112-வது ஆயத் அதையே தனிப் பாவமாகச் சொல்கிறது. யாரைக் காப்பாற்றுகின்றன? குற்றம் சாட்டப்பட்டு, பொருளும் வீட்டில் கிடைத்து, பரிந்து பேச ஆளில்லாமல் நின்ற மாற்று மதத்தவர் ஒருவரை. மோசடிக்காரனுக்காக வாதாடாதே என்ற அதே ஆயத்துகள், குற்றம் சாட்டப்பட்ட ஒரு நிரபராதிக்காக வானத்திலிருந்து வந்த வாதமாகவும் இருக்கின்றன. இதை நான் எத்தனை முறை ஓதியிருப்பேன்! இப்படி யோசித்ததில்லை.

அதே தொடரில் 109-வது ஆயத் நம் எல்லோரையும் நடுங்க வைக்கிறது. இவ்வுலகில் இவர்களுக்காக வாதாடிவிட்டீர்கள், மறுமையில் அல்லாஹ்விடம் வாதாடப்போவது யார், இவர்களுக்கு 'வகீல்' யார் என்று அல்லாஹ் கேட்கிறான். நாம் கோர்ட்டில் சொல்லும் வக்கீல் என்ற அதே சொல். வக்காலத்தும் அரபிதான். ஜாமீனும் அப்படியே, பொறுப்பேற்பவர் என்ற பொருளுள்ள 'ளாமின்' என்பதிலிருந்து வந்தது. (ஜாமீனுக்குப் பிறகு வருகிறேன்.)

சரி, நிரபராதிக்காக வாதாடலாம் என்பது புரிகிறது. செய்தவனுக்காக? அந்தத் தம்பியின் கேள்வி அதுதானே?

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்ததை அபூதாவூதில் பார்க்கிறோம். மனநிலை பாதிக்கப்பட்ட ஒரு பெண் விபச்சாரக் குற்றத்தில் பிடிபட்டாள். தண்டனை முடிவாகி, அழைத்துச் செல்லப்படுகிறாள். வழியில் அலீ (ரலி) அவர்கள் பார்க்கிறார்கள். விசாரித்துவிட்டு, திருப்பி அழைத்து வரச் சொல்கிறார்கள். நேராக கலீஃபாவிடம் போய், புத்தி தெளியும் வரை பைத்தியக்காரரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற நபிமொழி உங்களுக்குத் தெரியாதா என்று கேட்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் அவளை விடுவித்துவிட்டுத் தக்பீர் சொன்னார்கள். தன் தீர்ப்பு தோற்றதற்காக ஒரு ஆட்சியாளர் தக்பீர் சொல்கிறார்!

கவனியுங்கள். அவள் அதைச் செய்யவே இல்லை என்று அலீ (ரலி) அவர்கள் சொல்லவில்லை. ஒரு பொய்யும் சொல்லவில்லை. இவள் மீது இந்தத் தண்டனை செல்லாது என்றார்கள், அவ்வளவுதான்.

நபி (ஸல்) அவர்களின் சமூகத்துக்கு ஒரு திருடர் கொண்டுவரப்பட்டார். தானே ஒப்புக்கொண்டார், ஆனால் அவரிடம் பொருள் எதுவும் கிடைக்கவில்லை. நீ திருடியிருப்பாய் என்று நான் நினைக்கவில்லை என்று இரண்டு மூன்று முறை சொன்னார்கள். மாஇஸ் (ரலி) அவர்கள் வந்து நான் பாவம் செய்துவிட்டேன் என்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உனக்குப் பைத்தியமா, முத்தமிட்டிருப்பாயோ, தொட்டிருப்பாயோ என்று கேட்டுக்கொண்டே போனார்கள். நீதிபதியே சந்தேகத்தைத் தேடுகிறார். இன்று எந்தக் கோர்ட்டிலாவது இப்படிக் குறுக்கு விசாரணை நடந்தால், 'குற்றவாளியைத் தப்பவிடப் பார்க்கிறார்கள்' என்று நாமே வாட்ஸ்அப்பில் எழுதுவோம்.

மூஸா (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் ஒருவரை நான் கொன்றிருக்கிறேன், என்னைக் கொன்றுவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன் என்று அல்லாஹ்விடம் முறையிடுகிறார்கள். அடுத்த வார்த்தையே, என்னைவிடத் தெளிவாகப் பேசும் ஹாரூனை என்னோடு அனுப்பு என்பதுதான் (கஸஸ் 33, 34). தூதுப் பணிக்காகக் கேட்டதுதான். ஆனாலும், ஒரு உயிர்ப்பழி தலைமேல் இருக்கும்போது, நாவன்மை உள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு நபியே ஆசைப்பட்டிருக்கிறார்.

நம் நாட்டுச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. குற்றம் செய்தானா இல்லையா என்ற தன் சொந்த அபிப்பிராயத்தைப் பார்க்காமல் வக்கீல் வாதாட வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. நமக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. கோவையில் வக்கீல்களுக்கும் போலீசாருக்கும் மோதல் ஏற்பட்டபோது, அந்தப் போலீசாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. இத்தகைய தீர்மானங்கள் செல்லாது, அரசியல் சாசனத்துக்கும் தொழில் தர்மத்துக்கும் விரோதமானவை என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் அடிபட்டவர்களின் தொழிலைச் சேர்ந்தவரே வாதாட வேண்டும். எவ்வளவு கசப்பான கடமை!

ஷாஹித் ஆஸ்மி என்ற மும்பை வக்கீலைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இளம் வயதில் தடா சட்டத்தில் கைதாகி திகார் சிறையில் சில ஆண்டுகள் இருந்தவர். உள்ளே இருந்தே படிப்பைத் தொடர்ந்தார், வெளியே வந்து சட்டம் படித்தார். தொழில் செய்தது ஏறக்குறைய ஏழே ஆண்டுகள். 17 பேருக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தார் என்கிறார்கள். 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் ஃபஹீம் அன்சாரி என்பவருக்காக அவர் ஆஜரானார். ஃபஹீம் கையால் வரைந்து கொடுத்த வரைபடம், செத்துப்போன தீவிரவாதி ஒருவனின் கால்சட்டைப் பையில் இருந்தது என்பது போலீஸ் தரப்பு. அந்த ஆடையில் ரத்தம் இருக்கிறது. காகிதத்தில் மட்டும் ரத்தக் கறையும் இல்லை, கசங்கலும் இல்லை. அது எப்படி? ஒரு வக்கீல் கேட்க வேண்டிய கேள்வி அவ்வளவுதான்.

2010 பிப்ரவரி 11 அன்று, குர்லாவில் தன் அலுவலகத்திலேயே ஷாஹித் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 32. மே 3-ம் தேதி தீர்ப்பு வந்தது. ஃபஹீம் விடுதலை. 2012-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே மே 3-ம் தேதி, அதே நீதிமன்றம் கசாபைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. ஆதாரம் கேட்டதால் குற்றவாளி தப்பிவிடவில்லை.

இப்போது வக்கீல் தம்பிகளுக்குக் கொஞ்சம் கடினமாகவே சொல்கிறேன். நிரூபித்துக் காட்டு என்று கேட்பது ஹலால். இந்தச் சட்டப்பிரிவு இவனுக்குப் பொருந்தாது என்பதும், தண்டனையைக் குறையுங்கள் என்பதும் ஹலால். ஆனால் சாட்சிக்குப் பொய் சொல்லிக்கொடுத்தாலோ, நடக்காத இடத்தில் இருந்ததாக ஆள் செட்டப் செய்தாலோ, வேறொருவனைக் கை காட்டினாலோ நீங்கள் துஃமாவின் உறவினர் வரிசையில் நிற்கிறீர்கள். பாதிக்கப்பட்ட பெண்ணைக் கூண்டில் நிறுத்தி, உண்மை என்று தெரிந்தும் அவள் மானத்தை உரிப்பதைச் சட்டம் சில நேரம் தடுக்காமல் விட்டுவிடலாம். அல்லாஹ் விடுவானா? வாய்தா வாய்தாவாக ஃபீஸ் வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்கே போகாமல் இருப்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை. வாதத் திறமையால் அடுத்தவர் உரிமையைப் பெறுபவருக்கு நான் நெருப்புத் துண்டையே தருகிறேன் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

கட்சிக்காரன் சொன்ன ரகசியம் அமானிதம். அதை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் அவனிடமே, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று சொல்லலாமே? பாதிக்கப்பட்டவனின் ஹக்கு கோர்ட்டில் விடுதலையானாலும் கழுத்தில் தொங்கிக்கொண்டுதானே இருக்கும்?

இரண்டு வாரம் கழித்து அந்தத் தம்பியைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். அமைதியாகக் கேட்டார். பிறகுதான் அந்தக் கட்சிக்காரன் யார் என்பதே எனக்குத் தெரிந்தது. நம் மஹல்லாப் பையன். கடையில் செல்போன் எடுத்தவன். பல வருடங்கள் கடந்துவிட்டதாலும், அவனுடைய தாயார் சொல்லச் சொன்னதாலும்தான் இதைச் சொல்கிறேன். அந்தப் பையனே கடைக்காரருக்குப் பணத்தைத் தவணையில் கட்டி, பின்னால் சமரசமாகி வழக்கு முடிந்தது.

ஆனால் அன்று நிலைமை வேறு. ஜாமீன் உத்தரவு கிடைத்து எட்டு நாள் ஆகியிருந்தது. கையெழுத்துப் போட வீட்டு வரி ரசீதோடு இரண்டு பேர் வேண்டும். அந்தத் தாய் ஜமாஅத்தில் கேட்டு அலைந்தும் ஒருவரும் முன்வரவில்லை. திருட்டுப் பயலுக்கு யார் பொறுப்பேற்பது? நம் நாட்டுச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்று படிக்கும்போது, நாம் அரசாங்கத்தைத்தான் குறை சொல்கிறோம். சிறையில் இருப்பவருக்கு இலவச வக்கீல் தர ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணும் இருக்கிறது. வக்கீலை அரசு தரும். ஜாமீன்தாரரை நாம்தான் தர வேண்டும்.

தம்பி எழுந்தார். "ஜஸாகல்லாஹ் ஹஜ்ரத். ஊர்ல உங்க பேர்ல வீடு இருக்கே, ரசீதோட நாளைக்குக் கோர்ட்டுக்கு வர முடியுமா?"

வருகிறேன் என்று உடனே சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. முதவல்லி என்ன நினைப்பார், ஊர் என்ன பேசும் என்றெல்லாம் யோசித்தேன். நான்கு நாள் கழித்துத்தான் போனேன். அந்த நான்கு இரவும் அவன் உள்ளேதான் இருந்தான்.

யா அல்லாஹ்! எங்களை மன்னிப்பாயாக. செய்யாத குற்றத்துக்காக உள்ளே இருப்பவர்களை வெளியே கொண்டு வருவாயாக. செய்துவிட்டு உள்ளே இருப்பவர்களுக்குத் தவ்பாவைத் தருவாயாக. அவர்களுடைய தாய்மார்களின் கண்ணீரை ஏற்றுக்கொள்வாயாக. ஆமீன்.