ஒலிக்காத பதினேழு மாதங்கள்

"இயன்றவரை மெதுவாக" இசைக்க வேண்டும் என்ற விதியுடன் ஜான் கேஜ் 1987-இல் ஓர் ஆர்கன் இசையை அமைத்தார். ஜெர்மனியின் ஹால்பர்ஸ்டட் நகரத்துப் பழைய ஆலயமொன்றில் அது 2001 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது; 2640-இல் நிறைவுறும். மௌனமே அதன் முதற்பகுதியாதலால் 17 மாதங்கள் ஒரு சுரமும் எழவில்லை.

முடிவைத் தாம் கேட்கவியலாத இசையைத் தொடங்குவது மடமையா? விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் பனங்கொட்டை ஊன்றும் முதியவரை நாம் அவ்வாறு ஏசுவதில்லை. நுங்கு பேரப்பிள்ளைகளுக்கென்று அறிவோம்.

ஆயினும், நற்கருணை உட்கொண்டபின் இரு நிமிட மௌனத்தைக் குருக்களாகிய நாங்களே தாங்குவதில்லை, அறிவிப்புகளால் நிரப்பிவிடுகிறோம். மௌனம் வெறுமையென்று அஞ்சுகிறோம். ஹால்பர்ஸ்டட்டிலோ, சுரம் எழாத முதல் நாளிலேயே துருத்திகள் காற்றை நிரப்பத் தொடங்கிவிட்டன. மூச்சுள்ள மௌனம் வெறுமையாகுமோ? வரும் ஞாயிறன்று அறிவிப்புத் தாளை மடித்து வைத்துவிட்டுச் சற்றே அமர்ந்திருப்போம்.