சாஸ்திர தானமும் நூல் வாணிகமும்

வித்தையை விலைக்கு விற்பது தோஷம் என்று கருதி வந்த பண்பாட்டிலே, நூல்களை அச்சிட்டு விலை குறித்து விற்பவன் செய்வது தர்மமா, வியாபாரமா என்ற வினா எழாமல் இராது.

சமண சமயத்தார் ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானத்தை நான்காக வகுத்து, பசித்தவனுக்குச் சோறிடுவதோடு ஒப்ப, நூலைப் பிரதி செய்து அளிப்பதையும் புண்ணியமாகப் போற்றினர். பத்தாம் நூற்றாண்டிலே கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பே என்னும் சமண மாதரசி, பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை ஓலையிலே 1000 பிரதிகள் எழுதுவித்து வழங்கினாள் என்பர். எழுத்தாணி கொண்டு எழுத்தெழுத்தாகக் கீறிய காலத்தில் அஃது எத்தகைய உழைப்பு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காலம் மாறியது, அச்சு வந்தது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், சைவச் சூழலிலே வளர்ந்தவராயினும், சமண காவியமாகிய சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்தார். மெய்யெழுத்துக்குப் புள்ளியின்றி, எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் வேறுபாடின்றிக் கிடந்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தும், அவ்வூர்ச் சமணர்களிடம் சென்று அவர்தம் சமயக் கொள்கைகளைக் கேட்டறிந்தும், கையொப்பமிட்டோர் தந்த பொருளுதவியைக் கொண்டும் 1887-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். சந்தையின் தேவையை மட்டும் நோக்கியிருந்தால், அந்நூல் அன்று அச்சேறியிராது.

பிற வாணிகம் கேட்பவனுக்குக் கொடுப்பது. பதிப்போ இன்னும் கேட்க அறியாதவனுக்காகவும், இனிப் பிறக்கப் போகிறவனுக்காகவும் தேடி வைப்பது. நெசவிலே நேர்ந்த குறை அந்த ஆடையோடு கிழிந்து போகும். நூலிலே நேர்ந்த பிழையோ பிரதிதோறும் தொடர்ந்து பரம்பரைச் சொத்தாகிவிடும். ஆகவே, பதிப்பாளன் பொருளுக்கு உடையவன் அல்லன், காவலனே ஆவான்.

இதனால் இலாபம் கூடாது என்பதில்லை. அச்சுக் கோப்பவனுக்கும் புத்தகம் கட்டுபவனுக்கும் கூலி கொடுத்தே ஆகவேண்டும். அத்திமப்பேயின் செல்வம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. இன்று விற்ற நூலின் பணம் நாளைய நூலுக்குக் காகிதமாகுமாயின், விலையும் அத்தானத்தின் ஓர் அங்கமே. விற்பனையே நூலின் தகுதியைத் தீர்மானிக்கத் தொடங்கும்போதுதான் தர்மம் வழுவுகிறது.

இப்போது காகிதமும் வேண்டாத காலம் வந்துவிட்டது. அத்திமப்பே அரிதின் முயன்று ஆக்குவித்த ஆயிரம் பிரதிகளை இன்று எவரும் ஒரு நொடியில் ஆக்கலாம். ஆனால் ஒரு பாடம் சரியா, தவறா என்று தெளிவதற்குச் சாமிநாதையர் பட்ட சிரமத்திலே அணுவளவும் குறைந்துவிடவில்லை. பிரதி செய்வது எளிதாகிவிட்ட இக்காலத்தில், எதைக் காப்பது என்று தேர்வதும், அதைப் பிழையறக் காப்பதுமே சாஸ்திர தானம்; அக்கடமையை ஏற்க மனமில்லாதவன் வேறு வாணிகம் செய்வதே நன்று.