பட்டியலில் இல்லாதவர்

19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எடோ நகரத்துக் கவிதை வட்டங்கள் புத்தாண்டுக்கு ‘சுரிமோனோ’ அச்சிட்டன. உறுப்பினர்கள் எழுதிய கியோகா கவிதைகள், கூடவே ஹொகுசாய், ஹொக்கெய் போன்றவர்களின் மரக்கட்டை அச்சுப் படம். தடித்த தாள், உலோகப் பொடி, மையே இல்லாமல் எழும்பி நிற்கும் கோடுகள். கடையில் கிடைக்காது. நண்பர்களுக்குப் பரிசு, அவ்வளவுதான். விற்கப் போவதில்லை என்பதால் செலவுக் கணக்கும் இல்லை.

நம் பக்கத்தில் இதற்குச் சொந்தம் என்றால் சிற்றிதழ்கள். 1959இல் ‘எழுத்து’ தொடங்கியபோதே 2000 பிரதிக்கு மேல் போடுவதில்லை என்று சி.சு. செல்லப்பா அறிவித்துவிட்டார். கொஞ்சம் திமிர்தான். எனக்கு அந்தத் திமிர் பிடிக்கும். சந்தையைப் பார்த்துப் பயப்படாத இடத்தில்தான் புதுக்கவிதை மூச்சுவிட்டது.

ஆனால் ‘எழுத்து’க்கு யாரும் சந்தா கட்டலாம். சுரிமோனோ அப்படியல்ல, யாராவது கொடுத்தால்தான் உண்டு. இந்த வித்தியாசம் எனக்கு இந்தப் பொங்கலுக்குத்தான் உறைத்தது.

புதுச்சேரியில் நாங்கள் எட்டுப் பேர். ஆளுக்கொரு கவிதை, கையால் செய்த தாள், 50 பிரதி. ஸ்க்ரீன் பிரிண்ட் போட்ட அண்ணன் நிறம் விலகுகிறது என்று மூன்று தடவை திரும்ப அடித்தார். கடைசித் தாளைக் காயவைத்துக்கொண்டே, “இதுல ஒண்ணு நான் வச்சுக்கலாமா தம்பி?” என்றார்.

ஐம்பதுக்கும் பெயர் எழுதியாகிவிட்டது. “வீணான தாள் கிடக்கே, அதுல ஒண்ணு எடுத்துக்கோங்கண்ணே” என்றேன்.

விலை போட்டிருந்தால் காசை வைத்துவிட்டு உரிமையோடு எடுத்துப் போயிருப்பார். பரிசு என்பதால் கேட்க வேண்டியிருந்தது. சுரிமோனோக்களிலும் கவிஞர் பெயர் இருக்கும், ஓவியர் பெயர் இருக்கும். கட்டையைச் செதுக்கியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது.

என் பிரதி மேசை மேல்தான் கிடக்கிறது. அவர் கடைக்கு வண்டியில் பத்து நிமிடம்.